வயிற்றுக் கிருமிக்கு மருந்து முடிஞ்சுது, இனி? இரைப்பைப் புற்றை ஆரம்பத்திலேயே பிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

யாழ்ப்பாணத்தில் நெஞ்செரிவு, ஏவறை, செமியாக்குணம் எது வந்தாலும் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான்: காஸ்ரிக். பார்மசியில் அமிலத்தைக் குறைக்கிற ஒமேப்பிரசோல் குளிசை ஒரு காட் வாங்கிப் போட்டுக்கொண்டு வருடக்கணக்காக ஓட்டுகிறவர்கள் ஒவ்வொரு ஒழுங்கையிலும் இருக்கிறார்கள். அவர்களில் ஒரு சிலர்தான் வாயால் குழாய் விட்டு இரைப்பைக்குள் பார்க்கிற ஸ்கோப் வரைக்கும் போய், ஹெலிகோபக்டர் பைலோரி என்ற கிருமி இருக்கிறதென்று தெரிந்து, இரண்டு கிழமை கைநிறையக் குளிசை விழுங்கி, வாயெல்லாம் கசந்து, ஒருவழியாக முடித்துவிட்டு, அப்பாடா என்று ஃபைலைத் தூக்கி அலுமாரிக்குள் வைக்கிறார்கள். இந்த வழிகாட்டி அவர்களுக்குத்தான். அந்த ஃபைலை வைப்பதற்கு முன் இரண்டு கேள்விக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். கிருமி உண்மையிலேயே போனதா? போவதற்கு முன்னால் இரைப்பையின் உட்சுவரை எவ்வளவு கெடுத்துவிட்டுப் போனது?

நான் வைத்தியர் இல்லை. எங்கள் வீட்டில் ஒருவருடைய கிளினிக் கொப்பியைத் தூக்கிக்கொண்டு திரிந்ததில் வாசித்ததையும் கேட்டதையும் இங்கே எழுதுகிறேன். உங்களுடைய விஷயத்தில் கடைசிச் சொல் உங்களைப் பார்க்கிற வைத்தியருடையது.

கிருமி போன பிறகும் ஏன் கவலை?

பெர்த் நகரத்தில் பாரி மார்ஷலும் ரொபின் வொரனும் 1982இல் இந்தக் கிருமியை வளர்த்துக் காட்டினபோது யாரும் பெரிதாக நம்பவில்லை. அமிலம் இருக்கிற இரைப்பையில் கிருமி எப்படி வாழும் என்பதுதான் அப்போதைய கேள்வி. மார்ஷல் 1984இல் கிருமிக் கரைசலைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். 1994இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் இதை மனிதருக்குப் புற்றுநோய் தரும் முதலாம் வகைக் காரணிகளில் சேர்த்தது. 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

புற்று ஒரே நாளில் வருவதில்லை. கிருமி முதலில் நாட்பட்ட அழற்சியை உண்டாக்கும். அது வருடக்கணக்காக நீடித்தால் அமிலம் சுரக்கிற சுரப்பிகள் தேய்ந்து சுவர் மெலியும், இதற்கு ரிப்போட்டில் அட்ரோஃபி என்று இருக்கும். அதற்குப் பிறகு இரைப்பைச் சுவரின் சில இடங்கள் குடலின் சுவரைப் போல மாறும், இது இன்டெஸ்டினல் மெட்டாபிளேசியா. அடுத்தது டிஸ்பிளேசியா, கலங்கள் ஒழுங்கு கெட்டு வளரத் தொடங்குகிற கட்டம். கடைசியில்தான் புற்று. எல்லாருக்கும் இந்தப் பாதை முழுக்க ஓடாது, பெரும்பாலானோர் முதல் கட்டத்திலேயே நின்றுவிடுவார்கள். இந்த வரிசையில் எந்தக் கட்டத்தில் நீங்கள் மருந்து எடுத்தீர்கள் என்பதில்தான் முழு விஷயமும் இருக்கிறது. அழற்சி மட்டும் இருந்த காலத்தில் கிருமியைக் கொன்றிருந்தால் சுவர் பெரும்பாலும் தேறிவிடும். மெட்டாபிளேசியா பரவலாக வந்த பிறகு கொன்றிருந்தால், நெருப்பை அணைத்ததால் வேலியின் கருகின கிடுகு புதிதாகிவிடாது என்ற கதைதான்.

அதற்காக மருந்து வீண் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். தாய்வானுக்குச் சொந்தமான மாட்சு தீவுகளில் 2004 முதல் ஊர் முழுக்கப் பரிசோதித்துக் கிருமியை ஒழித்தார்கள், 2018 வரையான கணக்கில் இரைப்பைப் புற்று 53 வீதம் குறைந்திருந்தது. மற்றப் பக்கத்தையும் பாருங்கள். 2008இல் வெளிவந்த யப்பானிய ஆய்வொன்றில், ஆரம்பப் புற்றை ஸ்கோப் வழியாக வெட்டி எடுத்த 544 பேரை இரண்டு பாதியாகப் பிரித்து ஒரு பாதிக்கு மட்டும் கிருமி மருந்து கொடுத்தார்கள். மூன்று வருடத்தில் மருந்து எடுக்காத பக்கத்தில் 24 பேருக்குப் புதிய புற்று வந்தது, எடுத்த பக்கத்தில் 9 பேருக்கு. குறைந்திருக்கிறது, உண்மை. ஆனால் அந்த 9 பேர் இருக்கிறார்களே, அவர்களுக்காகத்தான் மிச்சம் எல்லாம்.

முதல் படி: கிருமி போனதை உறுதிசெய்யுங்கள்

நம்மூரில் அதிகம் தவறிப்போகிற படி இதுதான். குளிசை முடிந்தது, எரிவு குறைந்தது, சரி, போய்விட்டது என்று முடிவெடுத்துவிடுகிறார்கள். எரிவு குறைந்ததற்கு அந்தக் குளிசைகளோடு சேர்த்துத் தந்த ஒமேப்பிரசோலே காரணமாக இருக்கலாம். கிருமிகள் கிளாரித்ரோமைசின், மெட்ரோனிடசோல் போன்ற மருந்துகளுக்கு அசையாமல் இருக்கப் பழகிவிட்ட காலம் இது, முதல் சுற்றில் போகாமல் இருப்பது அபூர்வமில்லை. இடையில் இரண்டு நாள் குளிசையை விட்டவர்களுக்கும், மெட்ரோனிடசோல் எடுக்கும்போது கள்ளோ சாராயமோ குடித்து, சத்தி வந்து, மருந்தையே நிறுத்தினவர்களுக்கும் இது இன்னும் அதிகம் பொருந்தும்.

உறுதிசெய்ய இரண்டு நல்ல வழி இருக்கிறது. ஒன்று யூரியா மூச்சுப் பரிசோதனை, ஒரு கரைசலைக் குடித்துவிட்டுப் பைக்குள் ஊதுவது. மற்றது மலத்தில் கிருமியின் அன்டிஜன், அதாவது கிருமியின் உடம்பிலுள்ள பொருள், இருக்கிறதா என்று பார்ப்பது. எது எங்கே கிடைக்கும் என்று லாப்புக்கு ஒரு போன் எடுத்து முதலே கேட்டுவிட்டுப் போங்கள், மல மாதிரியை எப்படி, எத்தனை மணித்தியாலத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பதையும் கேளுங்கள், வெயிலில் பஸ்ஸில் கொண்டுபோய் வீணாக்காமல் இருக்க.

நேரம் முக்கியம். அன்டிபயோட்டிக் முடிந்து குறைந்தது நாலு கிழமை கழிய வேண்டும். ஒமேப்பிரசோல், எசோமெப்பிரசோல், பான்டொப்பிரசோல் வகைக் குளிசையை இரண்டு கிழமையாவது நிறுத்தியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று விடை வரும். அஸ்பிரின், குளோப்பிடோகிரெல் மாதிரி இரத்தம் உறையாமல் இருக்கிற மருந்து எடுப்பதனால் வயிற்றைக் காப்பாற்ற இதைத் தந்திருந்தால் தானாக நிறுத்தக் கூடாது, வைத்தியரைக் கேட்க வேண்டும். கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்குகிற பிறபொருளெதிரியை இரத்தத்தில் பார்க்கிற பரிசோதனை இதற்கு உதவாது. கிருமி செத்த பிறகும் அது மாதக்கணக்கில், வருடக்கணக்கில்கூட இரத்தத்தில் நிற்கும். மருந்து எடுத்த பிறகு இரத்தம் பார்த்து இன்னும் கிருமி இருக்கிறதென்று இரண்டாம் சுற்றுக் குளிசை விழுங்கினவர்களைக் கண்டிருக்கிறேன்.

இரண்டாவது படி: பழைய ரிப்போட்டைத் தேடி எடுங்கள்

ஸ்கோப் ரிப்போட் ஒன்று, பரிசோதிக்க இரைப்பைச் சுவரில் சின்னச் சதைத் துண்டு எடுத்திருந்தால் அதனுடைய பயொப்சி ரிப்போட் இன்னொன்று. பலரிடம் முதலாவது இருக்கும், இரண்டாவது இருக்காது. பயொப்சி விடை வர நாளெடுக்கும், அதற்குள் எரிவு குறைந்துவிட, போய் எடுப்பதே இல்லை. பெரியாஸ்பத்திரியிலோ பருத்தித்துறை, தெல்லிப்பழை, சாவகச்சேரி ஆதார வைத்தியசாலைகளிலோ தனியாரிலோ, எங்கே செய்தீர்களோ அங்கே திகதியையும் கிளினிக் இலக்கத்தையும் சொல்லிக் கேட்டுப் பாருங்கள்.

கிடைத்தால் அதில் மூன்று விஷயம் தேட வேண்டும். அட்ரோஃபி, மெட்டாபிளேசியா, டிஸ்பிளேசியா என்ற சொற்களில் ஏதாவது இருக்கிறதா? இருந்தால் எங்கே? அன்ட்ரம் என்றால் இரைப்பையின் கீழ்ப்பகுதி, பொடி அல்லது கோர்ப்பஸ் என்றால் நடுப்பகுதி. கீழ்ப்பகுதியில் மட்டும் கொஞ்சம் மாற்றம் இருப்பது ஒன்று, கீழும் நடுவும் இரண்டிலும் இருப்பது முற்றிலும் வேறொன்று. மூன்றாவது, எத்தனை இடத்தில் சதை எடுத்தார்கள்? கிருமி இருக்கிறதா என்று பார்க்க மட்டும் ஒரு துண்டு எடுத்திருந்தால், மெட்டாபிளேசியா இல்லை என்று அந்த ரிப்போட் சொல்வதில் பெரிய பலம் இல்லை. சிட்னி முறை என்று ஒன்று இருக்கிறது, அதன்படி கீழ்ப்பகுதியில் இரண்டு, நடுப்பகுதியில் இரண்டு, இரண்டும் சந்திக்கிற வளைவில் ஒன்று என்று ஐந்து துண்டு. கீழ்ப்பகுதித் துண்டுகளையும் நடுப்பகுதித் துண்டுகளையும் வேறு வேறு போத்தலில் அனுப்பினால்தான் எது எங்கேயிருந்து வந்தது என்று தெரியும்.

சில ரிப்போட்டில் அட்ரோஃபி, மெட்டாபிளேசியா எவ்வளவு என்று காட்டுகிற ஓல்கா, ஓல்ஜிம் என்ற படிநிலை எண் இருக்கும். 0 முதல் 4 வரை. 3, 4 வந்தால் ஆபத்துக் கூடியவர். ஸ்கோப் ரிப்போட்டில் சீ-1, சீ-2, ஓ-2 என்று எழுதியிருந்தால் அது கிமுரா, டகெமோட்டோ என்ற இரண்டு யப்பானியர் 1969இல் வகுத்த அளவு. சீ என்றால் சுவர் மெலிந்தது கீழ்ப்பக்கத்தோடு நிற்கிறது, ஓ என்றால் மேலே வரை பரந்துவிட்டது.

முதல் ஸ்கோப்பில் புண் இருந்ததா என்றும் பாருங்கள். சிறுகுடல் தொடங்குகிற இடத்தில், அதாவது டியோடினத்தில், புண் இருந்தவர்களுக்கு இரைப்பைப் புற்று வருவது குறைவு. 2001இல் வந்த யப்பானிய ஆய்வில் கிருமி இருந்த 1,246 பேரில் 36 பேருக்குப் பின்னால் புற்று வந்தது, கிருமி இல்லாத 280 பேரில் ஒருவருக்கும் இல்லை, டியோடினப் புண் இருந்தவர்களிலும் ஒருவருக்கும் இல்லை. இரைப்பைக்குள்ளேயே புண் இருந்திருந்தால் கதை வேறு. அது ஆறி முடிந்ததை இரண்டு மாதமளவில் திரும்ப ஸ்கோப் விட்டுப் பார்க்க வேண்டும், ஏனென்றால் புற்றுப் புண்ணும்கூட ஒமேப்பிரசோலுக்குக் கொஞ்சக் காலம் ஆறினமாதிரிக் காட்டும். ஆறிவிட்டதா பார்ப்போம் என்று உங்களுக்குத் திகதி தந்து நீங்கள் போகாமல் விட்டிருந்தால், இதை வாசித்து முடித்த கையோடு கிளினிக்குக்கு நம்பர் எடுங்கள்.

மூன்றாவது படி: உங்கள் ஆபத்தைக் கணக்குப் பாருங்கள்

இலங்கையில் இரைப்பைப் புற்று யப்பான், கொரியா, சீனா அளவுக்கு இல்லை. நம் ஆண்களைப் பிடிக்கிற முதல் புற்று வாய்ப்புற்று, காரணம் வெற்றிலையும் புகையிலையும். அதனால் கிருமி வந்துபோன எல்லாரும் வருடா வருடம் ஸ்கோப்புக்கு ஓட வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படி ஓடினால் உண்மையில் தேவைப்படுகிறவருக்கு வரிசை நீளும், அவ்வளவுதான். கொரியாவில் 40 வயது கடந்த எல்லாருக்கும் இரண்டு வருடத்துக்கொரு முறை அரசே பரிசோதிக்கிறது, அது அவர்களுடைய நோய்ச் சுமைக்கான கணக்கு, நமக்கு அப்படியே பொருந்தாது.

இந்தக் கணக்கில் முதலில் வருவது அட்ரோஃபியோ மெட்டாபிளேசியாவோ எவ்வளவு தூரம் பரந்திருக்கிறது என்பது. அடுத்தது தாய், தகப்பன், கூடப்பிறந்தவர், பிள்ளை யாருக்காவது இரைப்பைப் புற்று இருந்ததா என்பது. வயது கூடியிருந்தால், ஐம்பது தாண்டி மருந்து எடுத்திருந்தால் சுவர் ஏற்கெனவே நிறையக் கெட்டிருக்க வாய்ப்புக் கூட. சுருட்டு, சிகரெட் இரண்டும் ஆபத்தைக் கூட்டும், வடமராட்சியில் சுருட்டுச் சுத்தின குடும்பத்தில் பிறந்து இதை எழுதக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கிறது. கருவாடு, ஊறுகாய், உப்பில் போட்ட மீன் மாதிரி அதிக உப்புச் சாப்பாடும் சேரும். மிளகாய்த்தூள் மீது பழி போடுகிறவர்கள் அதிகம், ஆனால் எரிவு வேறு, புற்று வேறு, குழம்பின் காரத்தை விட அதிலுள்ள உப்பைத்தான் நான் கவனிப்பேன்.

நாலாவது படி: எத்தனை வருடத்துக்கொரு முறை?

ஐரோப்பிய வழிகாட்டல்கள் சொல்வதைத் தமிழில் இப்படிச் சுருக்கலாம். மாற்றம் எதுவும் இல்லை, அல்லது கீழ்ப்பகுதியில் மட்டும் லேசான அட்ரோஃபி, குடும்பத்தில் யாருக்கும் இல்லை என்றால், தொடர்ந்து ஸ்கோப் தேவையில்லை. மெட்டாபிளேசியா ஒரு இடத்தில் மட்டும் இருந்தாலும் குடும்ப வரலாறு இருந்தால், அல்லது ரிப்போட்டில் இன்கொம்ப்ளீட் என்ற வகை என்று எழுதியிருந்தால், அல்லது கிருமி இன்னும் போகவில்லை என்றால், மூன்று வருடத்துக்கொரு முறை யோசிக்கலாம். கீழும் நடுவும் இரண்டிலும் பரவியிருந்தால் மூன்று வருடத்துக்கொரு முறை கட்டாயம். அதோடு குடும்ப வரலாறும் சேர்ந்தால் ஒன்று முதல் இரண்டு வருடத்துக்கொரு முறை.

டிஸ்பிளேசியா என்று வந்தால் வருடக் கணக்கையெல்லாம் மறந்துவிடுங்கள். முதலில் அனுபவம் கூடிய ஒருவர் நல்ல கருவியால் திரும்பப் பார்த்து, கண்ணுக்குத் தெரிகிற இடம் இருந்தால் அதை வெட்டி எடுக்க வேண்டும். எதுவும் தெரியாவிட்டால் லோ கிரேட், அதாவது லேசான வகை, என்றால் 12 மாதத்தில், ஹை கிரேட், அதாவது கடுமையான வகை, என்றால் 6 மாதத்தில் திரும்ப ஸ்கோப்.

கிருமி போய்ப் பத்து வருடம் ஆகிவிட்டது, இனி நிறுத்தலாமா என்று கேட்பவர்களுக்கு: பத்து வருடம் கழிந்த பிறகும் புற்று கண்டுபிடிக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள். சுவர் அதிகம் கெட்டிருந்தவர்கள் உடம்பு ஸ்கோப்பையும் அதற்குப் பிறகான சிகிச்சையையும் தாங்குகிற வயது வரைக்கும் தொடர்வதுதான் சரி.

ஐந்தாவது படி: ஸ்கோப்புக்குத் தயாராவது

கமரா விடுவது என்று ஊரில் சொல்வது இதைத்தான். வெறும் வயிற்றில் போக வேண்டும், திண்ணிய சாப்பாடு ஆறு மணித்தியாலத்துக்கு முன்பே நிற்க வேண்டும், வெறும் தண்ணி இரண்டு மணித்தியாலத்துக்கு முன் வரை பொதுவாகப் பரவாயில்லை, உங்கள் இடத்தில் வேறு மாதிரிச் சொன்னால் அதையே கேளுங்கள். சீனி வருத்தக் குளிசை, இன்சுலின், இரத்தம் உறையாமல் இருக்க எடுக்கிற மருந்து மூன்றையும் முதலே சொல்லி என்ன செய்வதென்று எழுதி வாங்குங்கள். மயக்க ஊசி போட்டால் அன்று மோட்டச்சைக்கிள் ஓட்டக் கூடாது, ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

இரைப்பைக்குள் நுரையும் சளியும் ஒட்டியிருந்தால் சின்ன மாற்றம் மறைந்துவிடும். அதனால் பல இடங்களில் ஸ்கோப்புக்குச் சற்று முன் சிமெதிகோன் கலந்த தண்ணி குடிக்கத் தருவார்கள். தராவிட்டால் கேட்கலாம், அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. தொண்டைக்கு அடிக்கிற மருந்தின் கசப்பை விட ஓங்காளம்தான் பலருக்குப் பயம். மூக்கால் மெதுவாக மூச்சு விடுங்கள், எச்சிலை விழுங்கப் பார்க்காமல் வழிய விடுங்கள், பாதிப் பிரச்சினை அதிலேயே தீரும். தாங்கவே ஏலாது என்றால் மயக்க ஊசி கேளுங்கள். நீங்கள் நெளிந்துகொண்டிருந்தால் பார்க்கிறவர் அவசரப்படுவார், அவசரப்பட்டால் தவறும்.

ஆறாவது படி: உள்ளே எதைப் பார்க்கிறார்கள், ஏன் தவறிப்போகிறது

இந்தப் பகுதியை நோயாளி ஏன் வாசிக்க வேண்டும் என்று தோன்றலாம். என் எண்ணம், சரியான கேள்வி கேட்க இது தெரிந்திருக்க வேண்டும்.

உணவுக்குழாய், இரைப்பை போன்ற மேற்புற உணவுப்பாதையில் புற்று கண்டுபிடிக்கப்பட்டவர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு அதற்கு முந்தைய மூன்று வருடத்துக்குள் ஒரு ஸ்கோப் செய்து, அதில் ஒன்றும் இல்லை என்று அனுப்பியிருக்கிறார்கள். கிருமி ஒழிந்த இரைப்பையில் தேடுவது இன்னும் கடினம். கிருமி இருந்த காலத்தில் சுவர் முழுக்கச் சிவந்து வீங்கியிருக்கும், மருந்துக்குப் பிறகு அந்த அழற்சி வடிந்துவிடும், பழைய மெட்டாபிளேசியா இடங்கள் இப்போது வரைபடத்தில் தீவுகள் போட்டமாதிரித் திட்டுத்திட்டாகச் சிவப்பாகத் தெரியத் தொடங்கும். புற்று வந்தால் அதுவும் பெரும்பாலும் சின்னதாக, தட்டையாக அல்லது லேசாகக் குழிந்து, அதே சிவப்பில் இருக்கும். போதாததற்கு, கிருமி போன பிறகு புற்றின் மேலேயே சாதாரணச் சுவரைப் போன்ற ஒரு மெல்லிய படை வளர்ந்து மூடிவிடுவதும் உண்டு. ஆகவே பார்ப்பவருக்கு அது சாதாரணக் காஸ்ரிக் காயம் போலத் தோன்றும். இத்தனை சிவப்புத் திட்டுக்குள் ஒன்றே ஒன்று மட்டும் ஓரம் கூராகப் பிரிந்து தனித்து நிற்கிறதா என்று தேடுவதுதான் வேலை.

அதற்கு உதவுவது மூன்று. ஒன்று, நேரம். ஐரோப்பிய வழிகாட்டல் ஸ்கோப் உள்ளே போனதிலிருந்து வெளியே வரும் வரை குறைந்தது 7 நிமிடம் என்கிறது. சிங்கப்பூரில் ஒரு ஆய்வில் பார்த்தபோது சராசரியாக 7 நிமிடத்துக்கு மேல் எடுத்த வைத்தியர்கள் ஆபத்தான மாற்றங்களை மற்றவர்களை விட இரண்டு மடங்கு பிடித்தார்கள். மூன்று நிமிடத்தில் முடித்துவிட்டார், கெட்டிக்காரர் என்று நாம் புகழ்வதைக் கொஞ்சம் மறுபரிசீலனை செய்யலாம்.

இரண்டாவது ஒளி. சாதாரண வெள்ளை ஒளியோடு, நீலமும் பச்சையும் மட்டும் விடுகிற என்.பீ.ஐ. என்ற முறை இருக்கிறது, ஒரு பொத்தானை அமத்தினால் மாறும், அதில் சுவரின் மேற்பரப்புக் கோலமும் மெல்லிய இரத்தக் குழாய்களும் எடுப்பாகத் தெரியும். பெருக்கிப் பார்க்கிற ஸ்கோப் என்றால் இன்னும் நல்லது. அதில் வைத்தியர் தேடுவது, கெட்ட இடத்துக்கும் நல்ல இடத்துக்கும் நடுவே தெளிவான எல்லைக்கோடு இருக்கிறதா, அந்தக் கோட்டுக்குள் குழாய்களோ மேற்பரப்போ தாறுமாறாக இருக்கிறதா என்பதை. இரண்டும் சேர்ந்திருந்தால் சந்தேகம் பலம். இன்டிகோ கார்மின் என்ற நீலச் சாயத்தைத் தெளித்துப் பார்ப்பதும் பழைய, மலிவான, நல்ல முறை.

மூன்றாவது சதை. சந்தேகமான இடத்திலிருந்தும், முன்பு சொன்ன ஐந்து இடத்திலிருந்தும்.

நீங்கள் கேட்கக்கூடியது இவ்வளவுதான்: "டொக்டர், எனக்கு முந்தி கிருமிக்கு மருந்து எடுத்தது, மெட்டாபிளேசியா எண்டு எழுதியிருக்கு, இது கண்காணிக்கிறதுக்கான ஸ்கோப்." இந்த ஒரு வசனத்தைப் படுக்கையில் ஏறுவதற்கு முன் சொல்லி, பழைய ரிப்போட்டையும் கையில் கொடுத்தால் பார்க்கிற விதமே மாறும். முதல் தடவை எரிவுக்காகச் செய்கிற ஸ்கோப்பும் இதுவும் ஒரே வேலை இல்லை என்பது அவருக்குத் தெரியும், ஆனால் ஒரு நாளில் அத்தனை பேரைப் பார்க்கிறவருக்கு நீங்கள் எந்த வகை என்று யாராவது சொல்ல வேண்டும். எங்கள் ரொறன்ரோ அக்கா போனில் அம்மாவிடம் சொன்னது இதே விஷயம், அவர் பாணியில்: "அம்மா, அங்க போய் வாய மூடிக்கொண்டு இருக்காதேங்கோ, பேப்பரக் காட்டிச் சொல்லுங்கோ." ஸ்கோப் முடிந்ததும் படங்களோடு ரிப்போட் கேட்டு வாங்குங்கள், மூன்று வருடம் கழித்து ஒப்பிட அதுதான் ஆதாரம்.

ஏழாவது படி: விடை வந்த பிறகு

சதை விடையை நீங்களே போய் எடுங்கள். நல்லதென்றால் அடுத்த திகதியைக் குறித்துக்கொண்டு வாருங்கள்.

ஆரம்பப் புற்று என்று வந்தால்? ஆரம்பப் புற்று என்பது உட்சுவரிலோ அதற்கு அடுத்த படையிலோ நிற்கிற புற்று, தசைக்குள் இறங்கவில்லை. இந்தக் கட்டத்தில் பிடிபட்டால் சிகிச்சைக்குப் பிறகு ஐந்து வருடம் தாண்டி வாழ்கிறவர்கள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல். உட்சுவரோடு நிற்கிற, நன்றாக வேறுபட்ட (சாதாரணக் கலங்களை ஓரளவு ஒத்த) கல வகை, 2 சென்ரிமீற்றருக்குள், புண் இல்லாதது என்றால் வயிற்றைக் கீறாமல் ஸ்கோப் வழியாகவே அடியிலிருந்து உரித்து எடுத்துவிடலாம், ஈ.எஸ்.டீ. என்று அதற்குப் பெயர். இதற்குத் தனிப் பயிற்சி தேவை, ஆகவே கொழும்புக்கோ வேறெங்கோ அனுப்பினால் தட்டிக்கழிக்கிறார்கள் என்று எண்ண வேண்டாம். அதைத் தாண்டினால் சத்திரசிகிச்சை, தேவைப்பட்டால் புற்றுக்கான மருந்து. வடக்கில் தெல்லிப்பழையில் புற்றுநோய்ப் பிரிவு இருக்கிறது, 2011இல் நாட்டின் தெற்கு முனையான தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை நடந்தவர்கள் திரட்டின பணத்தில் எழும்பியது, முன்பு மாதிரி எல்லாவற்றுக்கும் கொழும்புக்குப் பக்கத்திலுள்ள மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு பஸ் ஏற வேண்டிய காலம் இல்லை.

ஈ.எஸ்.டீ. செய்தவர்களுக்கு மிச்ச இரைப்பை அப்படியே இருக்கிறது, அதில் புதிதாக வரலாம், அதனால் அவர்களுக்குத் தொடர் ஸ்கோப் இன்னும் நெருக்கமாக இருக்கும்.

காசைக் கரைக்கிற குறுக்கு வழிகள்

புற்றுக்கான இரத்தப் பரிசோதனை என்று விற்கிற சீ.ஈ.ஏ., சீ.ஏ. 19-9 இரண்டும் ஆரம்ப இரைப்பைப் புற்றைப் பிடிக்காது. அவை சாதாரணமாக வந்ததை நம்பி ஸ்கோப்பைத் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து. வயிற்று ஸ்கானும் அப்படித்தான், ஈரலையும் பித்தப்பையையும் காட்டும், இரைப்பையின் உட்சுவரில் ஒரு சென்ரிமீற்றர் சிவப்பைக் காட்டாது. பெப்சினோஜன் என்ற இரத்த அளவு சுவர் மெலிவை ஊகிக்க உதவும், ஆனால் கிருமி மருந்துக்குப் பிறகு அந்த எண்கள் மாறிவிடுவதால் பழைய வரம்பை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

அறிகுறி வரட்டும் பார்ப்போம் என்பதும் ஒரு குறுக்கு வழிதான். ஆரம்பப் புற்றுக்குப் பெரும்பாலும் அறிகுறியே இல்லை. ஆனால் இவை வந்தால் திகதிக்குக் காத்திருக்க வேண்டாம்: காரணமில்லாமல் மெலிவது, விழுங்கக் கஷ்டம், கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிரம்பினமாதிரி இருப்பது, திரும்பத் திரும்பச் சத்தி, இரத்தச் சத்தி, தார் மாதிரிக் கறுத்த மலம், இரத்தச்சோகை. இரும்புக் குளிசையும் பிஸ்மத் மருந்தும் மலத்தைக் கறுப்பாக்கும், அதை எடுத்துக்கொண்டிருந்தால் முதலில் அதைச் சொல்லுங்கள். இப்படி ஏதாவது இருக்கும்போது ஒமேப்பிரசோலைப் போட்டுச் சமாளித்துக்கொண்டு நாளைக் கடத்துவது எல்லாவற்றிலும் மோசமானது.

கடைசிப் படி: வீட்டில் மற்றவர்கள்

இந்தக் கிருமி பெரும்பாலும் சின்ன வயதில், வீட்டுக்குள்ளேயே தொற்றுகிறது. வளர்ந்தவர்களுக்கு ஒருமுறை போனால் திரும்பப் பிடிப்பது குறைவுதான். ஆனால் வீட்டில் ஒருவருக்கு இரைப்பைப் புற்று வந்திருந்தால், அவருடைய கூடப்பிறந்தவர்களும் பிள்ளைகளும் கிருமி இருக்கிறதா என்று பார்த்து மருந்து எடுப்பது பலன் தரும். 2020இல் வந்த கொரிய ஆய்வில் அப்படிப்பட்ட உறவினருக்கு மருந்து கொடுத்தபோது புற்று 2.7 வீதத்திலிருந்து 1.2 வீதமாக இறங்கியது. கனடாவிலும் லண்டனிலும் பாரிசிலும் இருக்கிற பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல வேண்டியது நீங்கள்தான். அங்கே அவர்களுடைய குடும்ப வைத்தியர் குடும்ப வரலாறு என்ன என்று கேட்பார், அப்பாவுக்கு வயித்தில ஏதோ என்றால் அது பதில் ஆகாது. என்ன நோய், எந்த வயதில், கிருமி இருந்ததா என்று மூன்றே வரி எழுதி, ரிப்போட்டை ஒரு படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.